பழைய புல்லட்டின் கிளட்ச்: அட்ஜஸ்ட் செய்யும் வரிசையும் கோளாறு கண்டுபிடிக்கும் வழியும்

சென்னையில் பழைய புல்லட் ஒன்றை வாங்கி வீட்டுக்குக் கொண்டுவருபவரை முதலில் சோதிப்பது பெரும்பாலும் என்ஜின் அல்ல, கிளட்ச்தான். அண்ணாசாலை சிக்னலில் நிற்கும்போது நியூட்ரல் விழாமல் வண்டி முன்னால் இழுத்துக்கொண்டே இருக்கும். அல்லது கத்திப்பாரா மேம்பாலத்தில் ஏறும்போது என்ஜினின் சத்தம் மட்டும் கூடும், வேகம் கூடாது. இரண்டுமே கிளட்ச் கோளாறுகள் என்றாலும் ஒன்றுக்கொன்று நேர் எதிரானவை. ஒன்றுக்கான வைத்தியத்தை மற்றதற்குச் செய்தால் நோய் முற்றும். எனவே இந்தக் கட்டுரையில் ஸ்பேனரைக் கையில் எடுப்பதற்கு முன்பு அறிய வேண்டியவற்றுக்குச் சற்று அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

எந்த வண்டிக்கு இது பொருந்தும்

இங்கிலாந்தின் ரெட்டிச் நகரத்தில் வடிவமைக்கப்பட்ட ராயல் என்ஃபீல்ட் புல்லட், 1955ஆம் ஆண்டில் மெட்ராஸ் மோட்டார்ஸுடன் ஏற்பட்ட கூட்டு முயற்சியால் சென்னைக்கு வந்து, பிறகு திருவொற்றியூர் ஆலையில் பல்லாண்டுகள் உருவாயிற்று. வார்ப்பிரும்பு சிலிண்டரும், நான்கு கியரும், வலப்பக்கக் கியர் லீவரும், இடப்பக்கப் பிரேக் பெடலும் உள்ள அந்தப் பழைய வண்டிகளை மனத்தில் வைத்தே இங்கு எழுதுகிறேன். இடப்பக்கம் கியரும் ஐந்து கியர் பெட்டியும் கொண்ட பிற்கால வண்டிகளுக்குப் பொதுவான கருத்துகள் பொருந்தும். திருகுகள் இருக்கும் இடம் பொருந்தாது. ஜாவா, எஸ்டி வைத்திருப்பவர்கள் இதைப் பின்பற்ற வேண்டாம். அவற்றில் கியர் லீவரை மிதித்தாலே கிளட்ச் விடுபடும்படி ஓர் ஏற்பாடு உள்ளே இருப்பதால், அந்த வண்டிகளின் அட்ஜஸ்ட்மென்ட் கணக்கே வேறு.

உள்ளே நடப்பது என்ன

வண்டியின் இடப்பக்கச் செயின் கேஸுக்குள், என்ஜினிலிருந்து வரும் பிரைமரி செயின் கிளட்ச் டிரம்மைச் சுழற்றுகிறது. டிரம்முக்குள் உராய்வுப் பூச்சுள்ள பிளேட்டுகளும் வெறும் ஸ்டீல் பிளேட்டுகளும் மாறி மாறி அடுக்கப்பட்டிருக்கின்றன. பூச்சுள்ளவற்றின் காதுகள் டிரம்மின் வெட்டுகளிலும், ஸ்டீல் பிளேட்டுகளின் உட்பற்கள் நடுவிலுள்ள ஹப்பிலும் பொருந்தியிருக்கும். ஸ்பிரிங்குகள் பிரஷர் பிளேட்டை அழுத்தி இந்த அடுக்கை ஒரே கட்டியாக இறுக்கிப் பிடிப்பதால்தான் என்ஜினின் விசை கியர் பெட்டிக்குப் போகிறது.

அந்தப் பிடியை விடுவிக்கும் வேலை வலப்பக்கத்திலிருந்து நடக்கிறது. கைப்பிடியில் லீவரை இழுத்தால், ஒயர் கியர் பெட்டியின் வலப்பக்க மூடிக்குள் இருக்கும் சிறு லீவரை அசைக்கும். அது, கியர் பெட்டியின் உள்ளீடற்ற முதன்மை ஷாப்ட்டுக்குள் ஓடும் நீண்ட தண்டைத் தள்ளும். தண்டு மறுமுனையில் பிரஷர் பிளேட்டை வெளியே தள்ளி பிளேட்டுகளைத் தளர்த்தும்.

இங்குதான் புதியவர்கள் தவறவிடும் ஒரு செய்தி இருக்கிறது. ஒயர் நாளடைவில் நீளும். அப்போது லீவரில் தளர்வு கூடும். இது எல்லோருக்கும் தெரியும். ஆனால் பிளேட்டுகள் தேய்ந்தால் தளர்வு கூடாது, குறையும். அடுக்கின் தடிமன் குறையும்போது பிரஷர் பிளேட் உள்ளே நகர்ந்து தண்டை வலப்பக்கம் தள்ளுகிறது. தண்டுக்கும் அதைத் தள்ளும் திருகுக்கும் இடையே இருந்த இடைவெளி காணாமல் போகிறது. ஒன்று கூட்டுகிறது, மற்றொன்று குறைக்கிறது. இரண்டும் சமமாக நடந்தால் கைப்பிடியில் எந்த மாற்றமும் தெரியாது. உள்ளே மட்டும் சிறு லீவர் சாய்ந்த கோணத்தில் போய் நிற்கும். புல்லட்டில் ஒயருக்கு ஓர் அட்ஜஸ்டரும் தண்டுக்குத் தனியாக ஒரு திருகும் வைக்கப்பட்டிருப்பது இந்த இரண்டு மாற்றங்களையும் தனித்தனியாகச் சரிக்கட்டுவதற்காகத்தான். ஒயர் அட்ஜஸ்டரை மட்டுமே ஆண்டுக்கணக்கில் திருகிக்கொண்டிருப்பவரின் வண்டி என்றைக்காவது சறுக்கத் தொடங்கும்.

கோளாறுக்கு முதலில் பெயர் வைக்க வேண்டும்

கிளட்ச் பிடிக்காமல் வழுக்குவதைச் 'சறுக்கல்' என்றும், லீவரை இழுத்த பிறகும் முழுமையாக விடாமல் இருப்பதை 'இழுவை' என்றும் இங்கே குறிப்பிடுகிறேன். ஒர்க்‌ஷாப்பில் ஸ்லிப் ஆகிறது, டிராக் ஆகிறது என்பார்கள்.

சறுக்கலைக் கண்டுபிடிக்கச் சாலைக்கே போக வேண்டியதில்லை. இந்த வண்டியில் கிக்கரின் விசை கிளட்ச் வழியாகத்தான் என்ஜினுக்குப் போகிறது. எனவே லீவரைத் தொடாமல் உதைக்கும்போது கிக்கர் மெத்தென்று கீழே போய் என்ஜின் சுழலாவிட்டால் பிளேட்டுகள் வழுக்குகின்றன என்று பொருள். கிக்கரின் பல் தேய்ந்திருந்தாலும் இப்படி ஆகக்கூடும் என்பது உண்மைதான். ஆனால் அப்போது கால் வழுவழுப்பாக இறங்காது, 'கடக்' என்று உதறிக்கொண்டு இறங்கும். இரண்டு மூன்று முறை உதைத்துப் பார்த்தால் வேறுபாடு காலுக்கே தெரியும். சாலையில் சோதிப்பதானால், சென்னையில் மேடு என்று சொல்ல மேம்பாலங்களும் பரங்கிமலை ஏற்றமும்தான் உண்டு. ஞாயிற்றுக்கிழமை காலையில், போக்குவரத்து சேர்வதற்கு முன்னால், நான்காம் கியரில் மிதமான வேகத்தில் ஏறும்போது ஆக்சிலேட்டரை ஒரே சீராகத் திருகிப் பாருங்கள். சத்தம் ஏறும் அளவுக்கு வேகம் ஏறாவிட்டால் ஐயமில்லை.

இழுவையைச் சோதிக்க, வண்டியை நடு ஸ்டாண்டில் நிறுத்தி, என்ஜினைச் சூடாக்கி, லீவரை முழுவதும் இழுத்துப் பிடித்து முதல் கியர் போட வேண்டும். பின்சக்கரம் மெதுவாகச் சுழல்வது இயல்பே. எண்ணெயில் நனைந்த பிளேட்டுகள் அந்த அளவுக்கு ஒட்டத்தான் செய்யும். பிரேக் பெடலை லேசாகத் தொட்டதும் சக்கரம் நின்று, என்ஜின் ஓட்டத்தில் மாற்றமில்லாமல் இருந்தால் கிளட்ச் நன்றாக விடுகிறது. பிரேக் போட்டதும் என்ஜின் திணறினால் இழுவை இருக்கிறது. சக்கரத்தைக் கையாலோ காலாலோ நிறுத்திப் பார்க்க வேண்டாம்.

பழைய புல்லட்டில் இழுவையை நீண்ட நாள் மறைத்துவைக்கும் வசதி ஒன்று உண்டு. கியர் லீவருக்கு அருகில் இருக்கும் நியூட்ரல் லீவரை மிதித்தால், முதல் கியரைத் தவிர எந்தக் கியரிலிருந்தும் நேராக நியூட்ரலுக்கு வந்துவிடலாம். அருமையான ஏற்பாடு; எனக்கு மிகவும் பிடித்தது. ஆனால் எப்போதும் அதையே மிதித்துப் பழகியவருக்குக் கியர் லீவரால் நியூட்ரல் கிடைப்பதில்லை என்பது பல மாதங்கள் கழித்துத்தான் தெரியவரும். வாரத்துக்கு ஒருமுறையாவது இரண்டாம் கியரிலிருந்து கியர் லீவரைக் கொண்டே நியூட்ரலுக்கு வந்து பாருங்கள்.

ஒன்றை மட்டும் கோளாறு என்று எண்ண வேண்டாம். இரவு முழுதும், அல்லது சில நாட்கள், நின்ற வண்டியில் பிளேட்டுகள் எண்ணெய்ப் பசையால் ஒட்டிக்கொள்ளும். காலையில் முதல் கியர் போடும்போது வண்டி 'தடால்' என்று குதிக்கும். ஸ்டார்ட் செய்வதற்கு முன் லீவரை இழுத்துப் பிடித்தபடி கிக்கரை நான்கைந்து முறை மிதியுங்கள். என்ஜின் சுழலாமல், பிளேட்டுகள் மட்டும் ஒன்றைவிட்டு ஒன்று பிரியும். பழைய புல்லட் ஓட்டிகள் இதைக் காலைப் பழக்கமாகவே வைத்திருந்தார்கள்.

ஒயரில் தொடங்குவது

என் கணக்கில், கிளட்ச் புகாரோடு வரும் வண்டிகளில் பாதிக்கு மேற்பட்டவற்றில் செயின் கேஸைத் திறக்கவே தேவையிருக்காது. செலவில்லாத இடத்திலிருந்து செலவுள்ள இடத்துக்குப் போவதே முறை. அந்த வரிசையில் ஒயர்தான் முதலில் வருகிறது.

ஹேண்டில்பாரை இடக்கோடியிலிருந்து வலக்கோடிவரை திருப்பிப் பாருங்கள். லீவரின் தளர்வு மாறினால் ஒயர் எங்கோ இழுபடுகிறது. டேங்குக்கு அடியில் மடங்காமலும், சிலிண்டர் தலைப்பகுதியில் படாமலும், பெரிய வளைவாக அது போக வேண்டும். பின்பு லீவரிலிருந்து ஒயரைக் கழற்றி உட்கம்பியைக் கையால் இழுத்து விடுங்கள். அரவமில்லாமல் வழுக்கிச் செல்ல வேண்டும். திருவொற்றியூர், பெசன்ட் நகர் போன்ற கடலோரப் பகுதிகளில் நிற்கும் வண்டிகளில் உப்புக் காற்றும் மழையும் சேர்ந்து உறைக்குள்ளேயே கம்பியைத் துருப்பிடிக்க வைத்துவிடும். வெளியே பளபளப்பாகத் தெரிவதை நம்ப வேண்டாம்.

எண்ணெய் விடுவதற்குத் தனிக் கருவி தேவையில்லை. பால் பாக்கெட்டின் மூலையை வெட்டிப் புனல்போல ஒயரின் மேல்முனையில் கட்டி, அதில் கொஞ்சம் மெல்லிய எண்ணெய் ஊற்றி, இரவு முழுக்கத் தொங்கவிட்டால் மறுநாள் காலையில் கீழ்முனையில் கறுப்பாகச் சொட்டும். கறுப்பு தெளியும்வரை விடலாம். ஒயரின் முனையிலுள்ள உலோகக் குமிழான நிப்பிளுக்கு அருகே ஒரே ஓர் இழை பிரிந்திருந்தாலும் அந்த ஒயரை மாற்றிவிட வேண்டும். மீதி இழைகள் எத்தனை நாள் தாங்கும் என்று யாராலும் சொல்ல முடியாது.

லீவரையும் கவனியுங்கள். ஜெனரல் பேட்டர்ஸ் சாலையிலும் புதுப்பேட்டையிலும் பல விதமான லீவர்கள் கிடைக்கின்றன. பார்வைக்கு எல்லாம் ஒன்றுபோலவே இருக்கும். லீவர் சுழலும் போல்ட்டுக்கும் ஒயரின் நிப்பிள் உட்காரும் குழிக்கும் இடையேயுள்ள தூரம் குறைந்தால், அதே கைப்பிடி அசைவுக்குக் குறைவான ஒயரே இழுபடும். லீவர் மென்மையாக இருக்கும், வாங்கியவருக்கு மகிழ்ச்சியாகவும் இருக்கும். பிளேட்டுகள் மட்டும் முழுதாகப் பிரியாது. பழைய லீவரைக் கையோடு எடுத்துச்சென்று அளந்து வாங்குவதே நல்லது. போல்ட்டின் துளை முட்டை வடிவில் தேய்ந்திருந்தாலும் இதே இழப்புதான்.

அட்ஜஸ்ட் செய்யும் வரிசை

என்ஜின் குளிர்ந்திருக்கும்போது, சமதளத்தில் நடு ஸ்டாண்டில் வண்டியை நிறுத்திச் செய்ய வேண்டிய வேலை இது. ரெட்டிச் வடிவமைப்பின் வழியில் வந்ததால் பல நட்டுகள் பழைய ஆங்கில இஞ்சு முறையைச் சேர்ந்தவை. இடையிடையே யாரோ மாற்றிய மில்லிமீட்டர் நட்டுகளும் இருக்கும். சரியாகப் பொருந்தும் ஸ்பேனர் இல்லாவிட்டால் அன்றைக்கு வேலையைத் தொடங்காமல் இருப்பது நல்லது. திருகு ஸ்பேனரால் முனை மழுங்கிய நட்டை அடுத்த முறை கழற்றுவது பெரும்பாடு.

முதலில், ஒயரை முழுவதும் தளர்த்துங்கள். கியர் பெட்டியின் வலப்பக்க மூடிக்குள் ஒயர் நுழையும் இடத்திலுள்ள அட்ஜஸ்டரின் லாக் நட்டை விடுவித்து, அட்ஜஸ்டரை உள்ளே திருகினால் ஒயர் தொய்வாகும். கைப்பிடிப் பக்கத்தில் வேறோர் அட்ஜஸ்டர் இருந்தால் அதையும் அப்படியே உள்ளே தள்ளிவிட வேண்டும். இந்தப் படியைத் தவிர்த்துவிட்டு அடுத்ததற்குப் போனால், ஒயரின் இறுக்கத்தைத் தண்டின் இறுக்கம் என்று தவறாக எண்ணிக்கொள்வோம்.

அடுத்து, அதே மூடியில் இரண்டு திருகுகளால் பிடிக்கப்பட்டிருக்கும் சிறிய நீள்வட்ட மூடியைக் கழற்றுங்கள். உள்ளே சிறு லீவரும், அதில் நடுவில் வெட்டுள்ள ஒரு திருகும், அதைப் பூட்டும் லாக் நட்டும் தெரியும். இந்தத் திருகின் முனைதான் தண்டைத் தள்ளுகிறது. லாக் நட்டைத் தளர்த்தி, திருகை ஸ்குரூ டிரைவரால் மெதுவாக உள்ளே திருகுங்கள். தண்டைத் தொட்டவுடன் கையில் ஓர் எதிர்ப்பு தெரியும். அங்கே நிறுத்துங்கள், வலுக்கட்டாயமாகத் திருகினால் பிளேட்டுகளையே தள்ளத் தொடங்கிவிடும். அந்த இடத்திலிருந்து கால் சுற்றிலிருந்து அரைச் சுற்றுவரை வெளியே எடுங்கள். பிறகு ஸ்குரூ டிரைவரால் திருகை அசையாமல் பிடித்துக்கொண்டு லாக் நட்டை இறுக்குங்கள். நட்டு இறுகும்போது திருகும் கூடவே சுற்றிக்கொள்வது இந்த வேலையில் மிகச் சாதாரணமாக நேரும் தவறு. ஆகவே இறுக்கிய பிறகு சிறு லீவரை விரலால் ஆட்டி, சற்றே தளர்வு இருக்கிறதா என்று மறுபடியும் பாருங்கள்.

அந்தத் தளர்வை வீண் என்று எண்ணி யாரும் ஒழித்துக்கட்ட வேண்டாம். அது இல்லாவிட்டால் சுழலும் தண்டின் முனை எந்நேரமும் திருகோடு உராய்ந்து, சூடேறி, நீலம் பாய்ந்து, கடினத்தன்மை இழந்து தேயும். தேய்ந்த தண்டு குட்டையாகும். குட்டையானதற்காக மேலும் திருகுவோம். அது மேலும் தேயும்.

மூன்றாவதாக, ஒயரின் தொய்வை எடுங்கள். கீழ் அட்ஜஸ்டரை வெளியே திருகிக்கொண்டே வந்து, ஒயரின் உறையை விரலால் தூக்கினால் ஏறத்தாழ ஒன்றரை முதல் இரண்டு மில்லிமீட்டர் எழும்பும் நிலையில் நிறுத்தி லாக் நட்டை இறுக்க வேண்டும். கைப்பிடியில் பார்த்தால், லீவரின் அடிப்பகுதிக்கும் அது பொருந்தியுள்ள பிடிக்கும் இடையே ஒரு ரூபாய் நாணயம் நுழையும் அளவு. லீவரின் நுனியில் இதே தளர்வு இன்னும் பெரிதாகத் தெரியும்; அதைக் கண்டு மறுபடியும் இறுக்கக் கூடாது. கைப்பிடி அட்ஜஸ்டர் இருந்தால் அதைப் பெரும்பாலும் உள்ளேயே விட்டுவையுங்கள். வழியில் சிறு மாற்றம் தேவைப்படும்போது அதுதான் கைகொடுக்கும்.

இப்போது ஐந்தாறு கிலோமீட்டர் ஓட்டிவிட்டுச் சூடாக இருக்கும்போதே தளர்வை மீண்டும் பாருங்கள். கத்திரி வெயிலில், வடபழனி நெரிசலில் அரைக் கிளட்சில் ஊர்ந்து வந்த வண்டியில் தளர்வு மாறியிருந்தால் வியப்பில்லை. ஆனால் அது முற்றிலும் மறையக் கூடாது.

என் முதல் புல்லட்டில் இந்தப் பாடத்தைப் பணம் கொடுத்துக் கற்றேன். லீவர் ஆடுகிறது என்று நான் குறை சொன்னதும் ஒரு மெக்கானிக் ஒயரை வீணைத் தந்திபோல இறுக்கிக் கொடுத்தார். லீவர் ஆடவே இல்லை, எனக்கும் திருப்தி. மகாபலிபுரம் போய்த் திரும்புவதற்குள் கோவளம் அருகே பிளேட்டுகள் சறுக்கிக் கருகிய நாற்றம் வந்தது. தவறு அவருடையது மட்டுமல்ல. ஆடாத லீவர் வேண்டும் என்று கேட்டவன் நான்.

செயின் கேஸ் எண்ணெய்

மேற்சொன்னபடி செய்தும் கோளாறு நீடித்தால் அடுத்துப் பார்க்க வேண்டியது எண்ணெய். கிளட்ச் எண்ணெயில் நனைந்தே ஓடுவதால் அதன் தன்மையும் அளவும் நேரடியாகப் பிடிமானத்தை மாற்றும். செயின் கேஸின் மூடியில் அளவு பார்ப்பதற்கென்று ஒரு சிறு திருகு உண்டு. வண்டியை நிமிர்த்தி நிறுத்தி அதைக் கழற்றினால் எண்ணெய் லேசாகக் கசிந்து நின்றுவிட வேண்டும். கொட்டினால் அதிகம், எதுவும் வராவிட்டால் குறைவு. அளவுக்கு மேல் ஊற்றினால் நல்லது என்ற எண்ணம் இங்கே பொய்த்துவிடும். அதிக எண்ணெய் பிளேட்டுகளை ஒட்டவைத்து இழுவையைக் கூட்டும்.

டப்பாவில் 'ஜாஸோ எம்ஏ' என்ற குறியீடு இருக்கிறதா என்று பாருங்கள். எண்ணெயில் நனைந்த கிளட்ச் உள்ள மோட்டார் சைக்கிள்களுக்கான தரக் குறியீடு அது. எரிபொருள் சிக்கனத்துக்காக உராய்வைக் குறைக்கும் பொருள்கள் சேர்த்த கார் எண்ணெயை ஊற்றினால், நல்ல பிளேட்டுகளும் வழுக்கும். எண்ணெய் மாற்றிய வாரத்திலேயே சறுக்கல் தொடங்கியிருந்தால் வேறெங்கும் தேட வேண்டாம்.

2015 டிசம்பர் வெள்ளத்திலோ 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலிலோ மூழ்கிய வண்டியை வாங்குபவர்கள் இதில் இரட்டிப்புக் கவனம் கொள்ள வேண்டும். கேஸிலிருந்து வடிக்கும் எண்ணெய் பால் கலந்த காப்பி நிறத்தில் இருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. ஒருமுறை மாற்றினால் போதாது. புதிதாக ஊற்றி, கொஞ்சம் ஓட்டி, மீண்டும் வடித்து, நிறம் தெளியும்வரை செய்ய வேண்டும். ஸ்டீல் பிளேட்டுகளில் துரு ஏறியிருந்தால் எண்ணெய் மட்டும் மாற்றிப் பயனில்லை. ஊற்றாமலேயே எண்ணெயின் அளவு கூடிக்கொண்டு போனால், என்ஜின் பக்கத்து ஆயில் சீல் வழியே என்ஜின் எண்ணெய் இங்கே வருகிறது என்று கொள்ளலாம்.

மூடியைக் கழற்ற வேண்டிய நிலை

இடப்பக்கக் கால்தாங்கியையும் பிரேக் பெடலையும் அகற்றி, அடியில் ஒரு தட்டு வைத்து, செயின் கேஸின் மூடியைப் பிடித்திருக்கும் ஒற்றை நடு நட்டைக் கழற்றினால் மூடி வந்துவிடும். இவ்வளவு பெரிய மூடியை ஒரே நட்டு பிடித்திருப்பது அழகான யோசனைதான். ஆனால் கசிவைக் கண்டு பயந்தவர்கள் அதை அளவுக்கு மீறி இறுக்கி மூடியையே வளைத்திருப்பார்கள். வளைந்த மூடி மேலும் கசியும். ரப்பர் சீலை மாற்றி, பள்ளத்தைத் துடைத்து, மிதமாக இறுக்கினால் போதும்.

மூடியைத் திறந்ததும் எதையும் கழற்றாமல், உடன் ஒருவரை லீவரை இழுக்கச் சொல்லி பிரஷர் பிளேட்டைப் பாருங்கள். அது நேராக, எல்லாப் பக்கமும் சமமாக எழ வேண்டும். ஒருபக்கம் மட்டும் எழுந்தால் ஸ்பிரிங்குகள் சமமாக இல்லை. சில வண்டிகளில் ஸ்பிரிங் திருகுகளை ஏற்றி இறக்கி இதைச் சரிசெய்வார்கள். புல்லட்டில் அந்தத் திருகுகள் கடைசிவரை இறுக்கப்பட வேண்டியவை, அட்ஜஸ்ட் செய்வதற்கானவை அல்ல. ஸ்பிரிங்குகளைக் கழற்றி ஒரு கண்ணாடித் துண்டின்மேல் வரிசையாக நிறுத்தினால் குட்டையானது எது என்று தெரியும். ஒன்று தளர்ந்திருந்தாலும் மொத்தமாக மாற்றுவதே சரி. திருகுகளைக் கழற்றும்போதும் பூட்டும்போதும் ஒவ்வொன்றையும் கொஞ்சம் கொஞ்சமாக, எதிரெதிராக மாற்றித் திருக வேண்டும்.

பிளேட்டுகளைக் கழற்றும்போது, வந்த வரிசையிலேயே, வந்த முகம் மேலே தெரியும்படி பழைய செய்தித்தாளில் அடுக்கி எண் எழுதுங்கள். கைப்பேசியில் படமும் எடுத்துக்கொள்ளலாம். இந்த அடுக்கில் வேண்டுமென்றே லேசாகக் குழிவாகச் செய்யப்பட்ட ஸ்டீல் பிளேட்டும் இருக்கும். வளைந்துவிட்டது என்று எண்ணி அதைச் சுத்தியலால் தட்டி நேராக்கிய நல்லவர்கள் உண்டு. தட்டையாக இருக்க வேண்டிய பிளேட்டைக் கண்ணாடியின்மேல் வைத்துப் பார்த்து, ஆடினால் மாற்றுங்கள். நீலம் பாய்ந்த பிளேட் சறுக்கலின் சாட்சி.

பூச்சுள்ள பிளேட்டுகளில் பூச்சு கருகிக் கண்ணாடிபோல மின்னினாலோ, உலோகத்தை எட்டும் அளவுக்குத் தேய்ந்திருந்தாலோ புதியவை வாங்க வேண்டியதுதான். மேலோட்டமான மினுமினுப்பு மட்டும் இருந்தால், மண்ணெண்ணெயில் கழுவி உலர்த்தி, தட்டையான பரப்பில் எமரித் தாளை விரித்து வட்டமாகத் தேய்த்தால் இன்னும் கொஞ்ச நாள் ஓடும். புதிய பிளேட்டுகளை ஓர் இரவு எண்ணெயில் ஊறவைத்துப் பூட்டுங்கள்.

இழுவைக்கான காரணம் பெரும்பாலும் பிளேட்டில் இருப்பதில்லை. அது உட்காரும் வெட்டில் இருக்கும். ஆண்டுக்கணக்கில் பிளேட்டின் காதுகள் மோதி மோதி டிரம்மின் வெட்டுகளில் சிறு பள்ளங்கள் விழுந்திருக்கும். லீவரை இழுத்தாலும் காது அந்தப் பள்ளத்திலேயே மாட்டிக்கொண்டு நகராது. விரல் நகத்தால் தடவினால் படிபோலத் தட்டுப்படும். ஆழமில்லாவிட்டால் மெல்லிய அரத்தால், எல்லா வெட்டுகளிலும் சமமாக, பொறுமையாக அராவிச் சமப்படுத்தலாம். ஆழமாயின் டிரம்மை மாற்ற வேண்டும். அராவிய தூள் முழுவதையும் துடைத்தெடுங்கள். ஆல்டர்னேட்டரின் காந்தம் அதே கேஸுக்குள் இருக்கும் வண்டிகளில் இரும்புத்தூள் எங்கே போய் ஒட்டும் என்று சொல்லத் தேவையில்லை.

ஹப்பின் நடு நட்டு இறுகியிருக்கிறதா, அதன் பூட்டு வாஷர் மடித்துவிடப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். டிரம்மை இரு கைகளாலும் பிடித்து ஆட்டினால் மிகச் சிறிய அசைவே இருக்க வேண்டும். பிரைமரி செயினையும் இந்தச் சமயத்திலேயே பார்த்துவிடலாம். என்ஜினை மெல்லச் சுழற்றிப் பல இடங்களில் தொட்டுப் பார்த்து, மிக இறுக்கமாக இருக்கும் இடத்தில் மேலும் கீழுமாக ஏறத்தாழ கால் அங்குலம் ஆடும்படி, கேஸின் அடியிலிருக்கும் அட்ஜஸ்டரால் சரிசெய்ய வேண்டும்.

பிளேட்டுகளை மாற்றினால் அடுக்கின் தடிமன் மாறிவிடும். எனவே மூடியைப் பூட்டி எண்ணெய் ஊற்றிய பிறகு, வலப்பக்கத் திருகிலிருந்து தொடங்கி முழு அட்ஜஸ்ட்மென்ட்டையும் மறுபடி செய்தாக வேண்டும். புதிய பிளேட்டுகள் படியும்வரை, முதல் சில நூறு கிலோமீட்டர்களுக்குள் இரண்டு முறையாவது தளர்வைச் சோதியுங்கள். அது குறைந்துகொண்டு வரும். காரணம் முன்பே சொன்னதுதான்.

வழியில் ஒயர் அறுந்தால்

கிழக்குக் கடற்கரைச் சாலையில், ஒர்க்‌ஷாப் எதுவும் திறந்திராத நேரத்தில் ஒயர் அறுந்தாலும் வீடு சேரலாம். என்ஜினை நியூட்ரலில் ஸ்டார்ட் செய்து, வண்டியைத் தள்ளிக்கொண்டு சில அடி ஓடி, ஏறி அமர்ந்து, மிதமான ஓட்டத்தில் முதல் கியரைத் தட்டிவிட வேண்டும். பழைய புல்லட்டில் முதல் கியர் மேலே, மற்றவை கீழே. அதன் பிறகு கியர் மாற்ற, ஆக்சிலேட்டரைச் சட்டென்று மூடும் அந்த நொடியில் லீவரை மிதித்தால் பல் இலேசாக விழும். சிக்னலைத் தொலைவிலேயே கண்டு வேகத்தைக் குறைத்து, இரண்டாம் கியரில் இருக்கும்போதே நியூட்ரல் லீவரை மிதித்துவிடுங்கள். முதல் கியருக்கு இறங்கிவிட்டால் அந்த லீவர் உதவாது. சிக்னல்கள் குறைந்த பாதையாகப் பார்த்து, நெரிசல் நேரத்தைத் தவிர்த்து வர வேண்டும். பின்னால் ஒருவரை ஏற்றிக்கொண்டு இதைச் செய்யக் கூடாது.

என் வண்டியில் இரண்டாவது ஒயர் ஒன்றை எண்ணெய் விட்டு, ஓடும் ஒயரின் பக்கத்திலேயே டேங்குக்கு அடியில் செலுத்தி, இரு முனைகளையும் மழைநீர் இறங்காதபடி பிளாஸ்டிக் உறை சுற்றிக் கட்டிவைத்திருக்கிறேன். அறுந்தால் இரு முனைகளை மட்டும் மாற்றி மாட்டினால் போதும்; டேங்கைக் கழற்ற வேண்டியதில்லை, சாலையோரத்தில் பத்து நிமிட வேலை.